தங்கைக்கு அந்தத் தனியார் கல்லூரி வேண்டுமா?

வணக்கம் சகோதரி. கலிபோர்னியாவில் இருக்கும் உங்கள் தங்கை, மருத்துவ உதவியாளர் படிப்புக்கு லாப நோக்குடைய கல்லூரி ஒன்று 19,000 டாலர் கேட்பதாகவும், இந்த வாரமே கையெழுத்துப் போடச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். என் கருத்து: வேண்டாம்.

அந்த அவசரமே எனக்குப் பழக்கமான குரல். என் மைத்துனி அப்படித்தான் சேர்ந்தாள். "இரண்டே இடம் பாக்கி" என்று தினமும் தொலைபேசி வந்தது. சேர்ந்த பிறகு ஒரு அழைப்பும் இல்லை. ஓராண்டு கழித்து அரசுக் கல்லூரிக்கு மாறப் போனபோது, அவள் முடித்திருந்த பாடங்களில் ஒன்றைக்கூட அவர்கள் ஏற்கவில்லை. கடன் மட்டும் கூடவே வந்தது.

இதேபோல லாப நோக்குடைய அமெரிக்கக் கல்லூரிக் குழுமங்களான கொரிந்தியன் கல்லூரிகள் 2015இல் மூடப்பட்டன, ஐடிடி டெக் 2016இல். கொரிந்தியனில் படித்தவர்களின் 580 கோடி டாலர் கடனை அமெரிக்க அரசு 2022இல்தான் தள்ளுபடி செய்தது. அதுவரை அவர்கள் பட்ட பாட்டை யார் ஈடு செய்வது?

கலிபோர்னியாவிலேயே அரசு நடத்தும் சமுதாயக் கல்லூரிகளில் அங்கே வசிப்பவர்களுக்கு ஒரு யூனிட் (பாட அளவு) 46 டாலர். 60 யூனிட் படித்தாலும் 2,760 டாலர்தான். இடம் கிடைக்க ஒரு பருவம் காத்திருக்க நேரலாம், காத்திருக்கட்டும்.

வேலை பார்த்துக்கொண்டே இரவில் படிக்க வேறு வழியே இல்லையென்றால், கையெழுத்துக்கு முன் அருகிலுள்ள சமுதாயக் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள்: "இவர்களின் பாடங்களை நீங்கள் ஏற்பீர்களா?" பதிலை எழுத்தில் வாங்கட்டும்.