கொழும்பிலிருந்து ஒரு பல்கலைக்கழக ஊருக்குப் போக: பேராதனையா, பதுளையா?

பல்கலைக்கழக ஊர் என்றால் கடை, பஸ், சாப்பாடு எல்லாம் மாணவரை நம்பி ஓடும் சின்ன ஊர். நடக்கவும் மலை பார்க்கவும் கண்டிக்கு அருகே பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கும் பேராதனையா, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கும் பதுளையா என்றால், நான் முதலில் எந்த மாதம் என்றுதான் கேட்பேன். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றை மத்திய மலைகள் மறித்துவிடும். பஸ்ஸில் சாரலடிக்கும் பக்கத்து யன்னலோரம் இருப்பவர் நனைய, மறுபக்கத்தவர் நனையாமல் இருப்பதுபோலத்தான் மலைகளுக்குக் கிழக்குப் பக்கம் இருக்கும் பதுளை. அப்போது அங்குள்ள 64 மீட்டர் உயர துன்ஹிந்த அருவிக்குக் காட்டுப்பாதையில் வழுக்காமல் நடக்கலாம். டிசம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவமழை அங்கே கொட்டும். ஜனவரிப் பயணமென்றால் பேராதனைதான்: 1821இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவை மகாவலி மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிறது, ஆற்றோர இராட்சத மூங்கில்களுக்கே அரை நாள் வேண்டும். மலைநாடெங்கும் ஒரே காலத்தில் மழை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. கொழும்பில் ஜூன் மழை கொட்டும்போது பதுளையில் பெரும்பாலும் வெயில்.