பெட்டி நிறையப் புத்தகமா, பார்த்து எடுத்த மூன்றா?

கேள்வி: மூன்று வயது மகனுக்குத் தமிழ்ப் படப் புத்தகம் வாங்க வேண்டும். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பக்கம் புத்தகக் கடை இல்லை. ஈப்போவுக்குப் போகும்போது வாங்கலாம், இல்லையென்றால் இணையத்தில். கையில் 60 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. எதைப் பார்த்து எடுப்பது?

பதில்: எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் புரட்டுங்கள். யார், எங்கே போகிறார், என்ன ஆனது என்பது படத்திலேயே விளங்க வேண்டும். ‘பூனை பால் குடித்தது’ என்ற வரிக்கு மேலே பூனை பால் குடிப்பது மட்டும் இருந்தால் பிள்ளையிடம் கேட்க ஒன்றுமில்லை. கதவிடுக்கில் ஓர் எலி எட்டிப் பார்க்கிறதா? எழுத்தில் வராத அந்த எலியை அவனே கண்டுபிடிப்பான், மறுநாளும் அதே பக்கத்தைத் திறக்கச் சொல்வான்.

அடுத்து ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். நாக்கு இடறினால் வைத்துவிடுங்கள், தினமும் இரவில் படிக்கப்போவது நீங்கள்தானே. மூன்று வயதுக்குப் பக்கத்துக்கு ஒன்றிரண்டு சின்ன வாக்கியம் போதும். சென்னையின் துலிகா பதிப்பகம் போன்றவை வெளியிடும் இருமொழிப் புத்தகம் என்றால் எழுத்தின் அளவையும் கவனியுங்கள். இரண்டு மொழியும் ஒரே பக்கத்தில் நெருக்கினால் எழுத்து சிறுத்துவிடும். பிள்ளையை மடியில் உட்காரவைத்து, அவன் முழங்காலில் புத்தகத்தை விரித்தாலும் உங்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

நடுமடிப்பை அழுத்தி விரியுங்கள். மலிவான பதிப்புகளில் ஆளின் முகமே மடிப்புக்குள் போய்விடும். முதுகில் பசை மட்டும் போட்டவை நான்கு முறை அழுத்தி விரித்தால் ஏடு ஏடாகக் கழன்று வரும். கம்பிப் பின் அடித்தவை பரவாயில்லை, ஆனால் நம் ஊர் ஈரத்தில் அந்தக் கம்பி துருப்பிடித்துத் தாளில் கறை இறங்கும். நூல் தைத்தது கிடைத்தால் இரண்டு வெள்ளி கூடுதலானாலும் எடுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் வாயில் வைக்கும் வயதுக்கு. அதிலும் முனை மழுங்கலாக இருக்கிறதா, அட்டை இரண்டாகப் பிளக்கிறதா என்று நகத்தால் நெம்பிப் பாருங்கள்.

இணையத்தில் வாங்கினால் அட்டைப் படத்தை நம்பாதீர்கள். நீள அகலத்தைச் செ.மீ. கணக்கில் பாருங்கள், உள்பக்கப் படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். உள்ளங்கையளவு புத்தகம் வந்துசேர்ந்து ஏமாந்தவர்கள் நிறைய.

60 வெள்ளிக்கு மூன்று புத்தகம் எடுத்தால் போதும். மேலும் வேண்டுமென்றால், இந்தியப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். ஆகச் சுலபமான நிலை 1 கதைகளை இறக்கி, நகலெடுக்கும் கடையில் வண்ணத்தில் அச்சடித்துக்கொள்ளலாம்.

வீட்டில் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், பூஞ்சை ஏறும்.

கேள்வி: வீட்டுக்கு வந்த விற்பனையாளரிடம் 680 வெள்ளிக்கு 24 புத்தக செட் எழுதிக்கொடுத்துவிட்டேன். ரத்து செய்யலாமா?

பதில்: செய்யலாம். வீடு தேடி வந்து விற்பதை 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கையெழுத்திட்ட பிறகு 10 வேலை நாள்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள், செட்டைப் பிரிக்காதீர்கள். பணம் திரும்பவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு செய்ய 5 வெள்ளிதான் கட்டணம், வக்கீல் வேண்டாம்.