சிரிக்கவைத்த தொடர் அழவும் வைக்கலாமா?

கேள்வி: நாளெல்லாம் உழைத்துக் களைத்து, இரவில் அரை மணி நேரம் மனம்விட்டுச் சிரிக்கலாம் என்றுதான் நகைச்சுவைத் தொடர் பார்க்க உட்காருகிறேன். அதிலும் திடீரென்று ஒருவருக்குக் கடும் நோய் வருகிறது, ஒருவர் இறந்துபோகிறார், பின்னணியில் வயலின் இழைகிறது. அழுவதற்கு வேறு தொடர்கள் இல்லையா? நகைச்சுவை நகைச்சுவையாகவே இருந்துவிட்டுப் போகக்கூடாதா?

பதில்: உங்கள் சலிப்பு நியாயமானது. வயலின் இழையும் அந்த இடத்தில் பெரும்பாலும் எழுத்தாளர் தோற்றுப்போயிருப்பார். ஆயினும், நகைச்சுவைத் தொடரிலிருந்து துயரத்தை அடியோடு விலக்கிவிட வேண்டும் என்று நீங்கள் சொன்னால் என்னால் உடன்பட முடியாது. அப்படி விலக்கினால் இத்துறையில் எழுதப்பட்ட மிகச் சிறந்த காட்சிகள் சிலவற்றையும் சேர்த்து இழக்க நேரும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி வெளியே தெரியும் எட்டு நிலைகளான மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகை பிறக்கும் இடங்கள். இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (முன்பிருந்த நிலை கெட்டு வருந்துதல்), வறுமை ஆகிய நான்கும் அழுகை பிறக்கும் இடங்கள். ஒருவரை எள்ளும்போது எள்ளுபவருக்கும் அருகில் இருப்பவருக்கும் சிரிப்பு வருகிறது. எள்ளப்பட்டவரின் பக்கம் போய் நின்று பார்த்தால் அதே நிகழ்ச்சி இளிவாகி அழுகைக்கு உரியதாகிவிடுகிறது. நல்ல நகைச்சுவைத் தொடர் நம்மைச் சிரிக்கும் பக்கத்தில் நெடுநேரம் நிறுத்திவைத்து, ஏதோ ஒரு கணத்தில் மறுபக்கத்துக்குக் கூட்டிச் சென்றுவிடுகிறது. அதற்காகப் புதிதாக ஒரு துன்பத்தைக் கதைக்குள் கொண்டுவர வேண்டிய தேவை அதற்கு இல்லை.

இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான சான்று, ரிச்சர்ட் கர்டிஸும் பென் எல்டனும் எழுதி 1989இல் பிபிசியில் ஒளிபரப்பான ‘பிளாக்ஆடர் கோஸ் ஃபோர்த்’. முதல் உலகப் போரின் பதுங்குகுழியில் இருக்கும் ஒரு கேப்டன், எதிரியின் துப்பாக்கிகளை நோக்கி ஓடுமாறு உத்தரவு வருவதற்குள் எப்படியாவது தப்பித்துவிட வேண்டும் என்று ஓவியனாக, விமானியாக, கடைசியில் பித்துப் பிடித்தவனாக வேடம் போடுவதுதான் கதை. அவன் போடும் வேடங்களுக்கெல்லாம் நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். ஆனால் அந்த வேடங்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் சாவைப் பற்றிய அச்சம் என்பதை எழுத்தாளர்கள் ஒருநாளும் மறைக்கவில்லை. 1989 நவம்பர் 2ஆம் தேதி ஒளிபரப்பான கடைசிப் பகுதியில் அந்த உத்தரவு வந்தேவிடுகிறது. தன்னிடம் ஒரு தந்திரமான திட்டம் இருப்பதாக எப்போதும் சொல்லிச் சிரிக்கவைக்கும் பால்ட்ரிக் அப்போதும் ஒரு திட்டம் இருப்பதாகத்தான் சொல்கிறான். அது எதுவாக இருந்தாலும், பித்துப் பிடித்தவனைப்போல நடித்துத் தப்பிக்க நினைத்த தன் திட்டத்தைவிட நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று கேப்டன் அவனிடம் பரிவோடு சொல்கிறான். பிறகு எல்லோரும் மேலேறி ஓடுகிறார்கள், காட்சி மெதுவாகிறது, போர்க்களம், அந்தப் போரில் மடிந்தவர்களின் நினைவுச் சின்னமான பாப்பி மலர்கள் பூத்த வெளியாக மாறுகிறது. இந்த முடிவு வெளியிலிருந்து ஒட்டவைக்கப்பட்டதாக யாரும் சொல்ல முடியாது. முதல் பகுதியிலிருந்தே எந்த அச்சத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோமோ, அந்த அச்சம் உண்மையாகிவிட்டது.

‘மாஷ்’ தொடர் இன்னும் துணிச்சலான காரியம் செய்தது. கொரியப் போரின் கள மருத்துவமனையில் நடக்கும் அந்த அமெரிக்கத் தொடரில், பணிக்காலம் முடிந்து வீடு திரும்பும் ஹென்றி பிளேக் என்ற அதிகாரிக்குக் கேலியும் அன்புமாக விடைகொடுக்கிறார்கள். பகுதி முடிகிறது என்று நாம் நினைக்கும்போது, அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குள் வரும் இளைஞன் ஒருவன், அவர் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதையும் யாரும் பிழைக்கவில்லை என்பதையும் படித்துச் சொல்கிறான். மருத்துவர்களின் கைகள் நிற்கவில்லை. அறுவைச் சிகிச்சை தொடர்கிறது. 1975 மார்ச்சில் இது ஒளிபரப்பானபோது பார்வையாளர் பலர் உங்களைப் போலவே கோபப்பட்டுக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் போர் நடக்கும் இடத்தில் நகைச்சுவை செய்துவிட்டு, நமக்குப் பிடித்தவர்கள் மட்டும் சாகமாட்டார்கள் என்று ஆண்டுக்கணக்கில் நம்பவைப்பது அதைவிடப் பெரிய ஏமாற்று என்றே கருதுகிறேன்.

நீங்கள் குறிப்பிடும் வயலின் காட்சிகள் வேறு வகை. அவற்றில் நோயோ சாவோ அந்த வாரத்துக்கு மட்டும் வருகிறது. அடுத்த வாரம் அதன் சுவடே இருப்பதில்லை. கதாபாத்திரம் தனக்குரிய பேச்சை விட்டுவிட்டு ஆசிரியரின் அறிவுரையைப் பேசுகிறது. இருபத்திரண்டு நிமிடத்துக்குள் துயரத்தைத் தொடங்கி, ஆறுதல் சொல்லி, கட்டியணைத்து முடித்துவிடுகிறார்கள். அங்கே துயரத்துக்கும் மரியாதை இல்லை, சிரிப்புக்கும் மரியாதை இல்லை.

கேள்வி: சோகக் காட்சி வந்தால் அதில் நகைச்சுவையை முற்றிலும் நிறுத்திவிடுவதுதானே முறை? பின்னாலிருந்து சிரிப்பொலி கேட்டால் அருவருப்பாக இருக்காதா?

பதில்: பதிவுசெய்த சிரிப்பொலியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ‘மாஷ்’ தொடரை உருவாக்கியவர்கள் அதை விரும்பவில்லை. தொடரை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனம் வற்புறுத்தியதால் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அறுவைச் சிகிச்சைக் கூடத்துக் காட்சிகளில் சிரிப்பொலி சேர்ப்பதில்லை என்பதில் உறுதியாக நின்றார்கள். பிரிட்டனில் பிபிசி அந்தத் தொடரைச் சிரிப்பொலி இல்லாமலே ஒளிபரப்பியது.

சிரிப்பையே நிறுத்திவிட வேண்டும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரில் தாத்தாவாக நடித்த லெனார்ட் பியர்ஸ் 1984 டிசம்பரில் காலமானார். எழுத்தாளர் ஜான் சல்லிவன் வேறு நடிகரை அதே வேடத்தில் போடாமல், 1985இல் தாத்தாவின் இறுதிச் சடங்கையே ஒரு பகுதியாக எழுதினார். பேரன்கள், தாத்தாவின் தொப்பி என்று நினைத்துப் பாதிரியாரின் தொப்பியைக் கண்ணீரோடு குழிக்குள் போட்டுவிடுகிறார்கள். பின்னர் தம்பி, இவ்வளவு சீக்கிரம் உன்னால் எப்படி இதிலிருந்து மீள முடிந்தது என்று அண்ணனிடம் சினந்து கேட்கும்போது, தான் இன்னும் மீளத் தொடங்கவே இல்லை என்கிறான் அண்ணன். தொப்பியைப் பார்த்துச் சிரித்திருக்காவிட்டால் அந்த வாக்கியம் நம்மை இவ்வளவு ஆழமாகத் தைத்திருக்காது. சாவு வீட்டில் யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிடுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அவரை நாம் கல்நெஞ்சக்காரர் என்று எண்ணுவதில்லை.

கேள்வி: அப்படியானால் ஒரு துளிக் கண்ணீருக்கும் இடமில்லாத தொடர்கள் தரத்தில் தாழ்ந்தவையா?

பதில்: இல்லவே இல்லை. ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் தொடர் 1975இலும் 1979இலுமாக மொத்தம் பன்னிரண்டே பகுதிகள் வந்தது. அதில் யாரும் திருந்துவதில்லை, யாரும் கட்டியணைத்து மன்னிப்புக் கேட்பதில்லை. அதன் குறையற்ற கட்டமைப்பை நினைத்து இன்றும் வியக்கிறேன். ‘சைன்ஃபெல்ட்’ என்ற அமெரிக்கத் தொடரில் அணைப்பும் கூடாது, பாடம் கற்பதும் கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்திருந்தார் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட். 1996இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில், நாயகர்களில் ஒருவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண், மலிவான திருமண அழைப்பிதழ் உறைகளின் நச்சுப் பசையை நாவால் நனைத்து ஒட்டியதால் இறந்துபோகிறாள். செய்தி கேட்ட நண்பர்கள் சிறிது நேரம் திகைத்து நின்றுவிட்டு, காபி குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். தம்மைத் தவிர வேறு எவரையும் நினைக்கத் தெரியாதவர்கள் என்றே அவர்களை அதுவரை ஏழு பருவங்களாக நமக்குக் காட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தில் அவர்களை அழவைத்திருந்தால் அதுதான் பொய்யாக இருந்திருக்கும்.