நலம் கேளுங்கள்: புகையை விடுபவருக்குத் துணை நிற்பது எப்படி?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. லாரி புக்கிங் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடுவார். விரதம் முடியும்வரை சிகரெட்டைத் தொட மாட்டார். மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றியதும் அன்றைக்கே மறுபடியும் தொடங்கிவிடுவார். அத்தனை நாள் இருக்க முடிந்தவருக்கு அதன் பிறகு ஏன் முடியவில்லை? சட்டையை முகர்ந்து பார்த்துச் சண்டை போட்டதும், மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னதும் பலன் தரவில்லை. இப்போது அவராகவே விட வேண்டும் என்கிறார். நான் என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: சகோதரி, உங்கள் கணவருக்கு மன உறுதி போதாது என்று நீங்கள் நினைத்திருந்தால், முதலில் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். நிகோடின் கிடைக்காதபோது உடல் படும் பாடு, அதாவது எரிச்சல், தூக்கக் கெடுதல், எதிலும் கவனம் நிலைக்காமை, ஓயாத பசி ஆகியவை, முதல் சில நாட்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் தணிந்துவிடுகின்றன. ஒரு மண்டலம் முடிவதற்குள் அவருடைய உடல் அந்தக் கட்டத்தைத் தாண்டி வெகுநாள் ஆகியிருக்கும். அப்படியிருக்க, மாலை கழன்ற அன்றே அவரைப் பெட்டிக்கடைக்கு இழுத்துச் செல்வது எது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

விரத நாட்களில் அவரைச் சுற்றி என்னவெல்லாம் நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அலுவலகத்தில் முதலாளி முதல் சுமை தூக்குபவர் வரை அவரைச் ‘சாமி’ என்றே அழைக்கிறார்கள். யாரும் அவர் முன்னால் சிகரெட் பெட்டியை நீட்டுவதில்லை. கேட்டாலும் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கத் தயங்குவார். உடன் மாலை போட்டவர்கள் அந்தி நேரத்தில் பஜனைக்குக் கூடுகிறார்கள். வீட்டில் நீங்கள் விடியலுக்கு முன் எழுந்து அவருக்காகத் தனியே சமைக்கிறீர்கள். கடிந்து பேசுவதைக்கூட அந்த நாட்களில் தவிர்த்திருப்பீர்கள். அவர் புகையை விட்டிருப்பதற்கு ஊரே துணை நிற்கிறது. மாலையைக் கழற்றிய அன்று இந்தத் துணை முழுவதும் ஒரே வேளையில் விலகிவிடுகிறது. போதாததற்கு, விரதத்துக்கு ஒரு முடிவு நாள் உண்டு என்பது அவருக்கு முதலிலேயே தெரியும். மனம் அந்த நாளை எதிர்பார்த்தே இருந்திருக்கும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, அந்தத் துணையில் எவ்வளவைத் தொடர முடியுமோ அவ்வளவைத் தொடர்வது. அடுத்த கார்த்திகை வரை காத்திருக்க வேண்டாம். அவரோடு உட்கார்ந்து ஒரு தேதியைக் குறியுங்கள். எந்தெந்த வேளையில் கை தானாகச் சிகரெட்டைத் தேடும், அப்போது நான் என்ன செய்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும் என்று அவரையே கேளுங்கள். சிலருக்கு அந்த நேரத்தில் போனில் பேச்சுக் கொடுத்தால் போதும். சிலருக்கு யாரும் எதுவும் கேட்காமல் இருப்பதே உதவி. ஏக்கம் பொங்கி எழும் ஒவ்வொரு முறையும் அதன் வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும் என்பதால், அந்தச் சில நிமிடங்களைக் கடத்துவதற்கான வழியை முன்கூட்டியே பேசி வைத்திருப்பது மிகவும் பயன்படும். குறித்த தேதிக்கு முந்தைய இரவே லைட்டர், சாம்பல் கிண்ணம், வண்டியின் பெட்டியில் கிடக்கும் பழைய பாக்கெட் எல்லாவற்றையும் அவர் கையாலேயே அப்புறப்படுத்தட்டும்.

பலரும் கவனிக்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். காபியிலும் டீயிலும் உள்ள கஃபீனை உடல் விரைவாக வெளியேற்றும்படி புகை செய்கிறது. புகை நின்றதும், வழக்கமாகக் குடிக்கும் அதே அளவு காபி இரத்தத்தில் கூடுதலாகத் தங்கிப் படபடப்பையும் தூக்கமின்மையையும் உண்டாக்குகிறது. அதைச் சிகரெட் இல்லாத தவிப்பு என்று நினைத்து மீண்டும் பற்ற வைப்பவர்கள் உண்டு. முதல் வாரங்களில் அவருடைய காபியைப் பாதியாகக் குறைத்துக் கொடுங்கள்.

சட்டையை முகர்வதையும் சத்தியத்தையும் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: இரண்டையும் நிறுத்திவிடுங்கள். மகள் தலையில் சத்தியம் செய்தவர் தவறி ஒன்று பிடித்துவிட்டால், குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற அச்சமும் குற்ற உணர்வும் அவரைப் பிடித்துக்கொள்ளும். அதை யாரிடமும் சொல்ல முடியாமல் மறைப்பார். மறைக்கத் தொடங்கியவருக்கு வீட்டிலிருந்து எந்த உதவியும் போய்ச் சேராது. ஷெல்டன் கோஹன், எட்வர்ட் லிக்டென்ஸ்டைன் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், குத்திக்காட்டலை விட ஊக்குவித்தல் மிகுந்திருந்த இணையர்களிடையே புகையை விட்டவர்கள் அதிகமாக நிலைத்திருந்தார்கள். அவர் தவறிவிட்டதாகச் சொன்னால், எந்த இடத்தில், யாருடன் இருந்தபோது என்று மட்டும் கேளுங்கள். மறுநாள் அந்த இடத்தை எப்படித் தாண்டுவது என்பதை இருவரும் சேர்ந்து யோசியுங்கள். முதல் வாரத்தில் அவர் சிடுசிடுத்தால் அது உங்கள் மேல் உள்ள கோபம் அன்று என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

வீட்டாரின் துணை மட்டுமே போதும் என்று நான் சொல்லவில்லை. துணைவருக்குப் பயிற்சி கொடுப்பதை மட்டும் நம்பிய ஆய்வுகளில் தெளிவான பலன் தெரியவில்லை. மருத்துவ உதவியும் உடன் இருக்க வேண்டும். நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம் அளவில் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. காலையில் கண் விழித்த அரை மணி நேரத்துக்குள் புகைப்பவருக்கு அந்த அளவு போதாமல் போகலாம். அவர் மருத்துவரைக் கேட்பது நல்லது. அதைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மெல்லக் கூடாது. காரச் சுவை தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, சுவை குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். விடாமல் மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிஞ்சும். பலர் இதனாலேயே ‘எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வாரெனிக்லின், பூப்ரோபியான் போன்ற மாத்திரைகளும் உண்டு. அவற்றை மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் 2016 முதல் இயங்கி வரும் அரசின் ஆலோசனைச் சேவை, தமிழிலும் பேசலாம். அவர் அழைக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: லேத் பட்டறையில் வேலை செய்கிறோம். காலை பதினோரு மணி டீக்கு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து போய்த்தான் சிகரெட் பிடிப்போம். மூவரும் சேர்ந்தே விட்டுவிடலாம் என்று பேசியிருக்கிறோம். ஒருவன் தவறினால் மற்ற இருவரும் கெட்டுவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் சேர்ந்து விடுவதையே நான் பரிந்துரைப்பேன். அமெரிக்காவின் பிரேமிங்காம் இதய ஆய்வில் சேர்ந்தவர்கள், அவர்களுடைய சுற்றத்தார் என 12,067 பேரை 1971 முதல் 2003 வரை தொடர்ந்த தகவல்களை வைத்து, நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் ஆகியோர் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணவன் மனைவியரில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைப்பதற்கான வாய்ப்பு 67 சதவீதமும், நண்பர் ஒருவர் விட்டால் 36 சதவீதமும், சிறிய நிறுவனத்தில் உடன் வேலை செய்பவர் விட்டால் 34 சதவீதமும் குறைந்தன. பழகியவர்கள் கூட்டங்கூட்டமாகவே விட்டிருக்கிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது. மூன்று பேர் கொண்ட பட்டறைக் கூட்டு இதற்கு மிகவும் ஏற்றது.

பந்தயம் மட்டும் கட்டாதீர்கள். தோற்றவன் செலவு செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டால், தவறியவன் மறைப்பான். உங்கள் கூட்டு அத்துடன் உடைந்துபோகும். பற்ற வைத்த பிறகு மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, பற்ற வைப்பதற்கு முன் மற்ற இருவரில் ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்று ஒப்புக்கொள்ளுங்கள். தவறியவர் அன்று மற்றவர்களை டீக்கு அழைக்கக் கூடாது என்பதையும் முன்பே பேசி வைத்துவிட்டால் மனக்கசப்பு வராது. முதல் மாதத்துக்கு அந்த டீக்கடையை விட்டுவிட்டு, பட்டறைக்கே டீ வரவழைத்து மிஷின் பக்கத்தில் நின்று குடியுங்கள். சிகரெட்டைச் சில்லறையாக வாங்குபவர்களுக்குக் கடை வாசலே பெரிய சோதனை.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. நாற்பது ஆண்டாகப் பீடி பிடிக்கிறார். மூச்சிரைப்பு உண்டு. ‘இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது, பீடி சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை’ என்கிறார். அவர் கேட்கும்போது நானேதான் வாங்கி வந்து தருகிறேன்.
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பீடி எந்த வகையிலும் தீங்கு குறைந்தது அன்று. இலையில் சுற்றியிருப்பதால் அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் நிறையவே உள்ளே போகின்றன. 1951-இல் பிரிட்டனில் ஆண் மருத்துவர்களிடம் தொடங்கிய நீண்ட ஆய்வின் முடிவை ரிச்சர்ட் டால் குழுவினர் 2004-இல் வெளியிட்டபோது, 60 வயதில் புகையை விட்டவர்கள்கூட ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆயுளைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். நுரையீரல் திறன் தேயும் வேகமும் விட்டபின் குறைகிறது. மாடிப்படி ஏறும்போது கிடைக்கும் சுகத்தை அவரே உணர்ந்துகொள்வார்.

பீடி வாங்கித் தருவதை, அவரோடு பேசி, ஒரு நாள் குறித்து நிறுத்துங்கள். திடீரென்று மறுத்தால் அவமானப்பட்டதாக எண்ணுவார். நீங்களும் புகைப்பவராக இருந்தால் அதே நாளில் நீங்களும் விடுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் புகையிலை விடுவிப்பு ஆலோசனை மையம் உண்டா என்று விசாரித்து உடன் அழைத்துச் செல்லுங்கள். மூச்சிரைப்புக்காக அவர் தியோபிலின் கலந்த மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். புகைப்பவர் உடலில் அந்த மருந்து விரைவாகக் கரைந்துவிடும். புகையை நிறுத்தியதும் அதே அளவு மாத்திரை இரத்தத்தில் கூடுதலாகத் தங்கி, வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் வரக்கூடும். அவர் பீடியை விடும் தேதியை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, மாத்திரையின் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.