கார் எப்போது வரும்? – வாசகர் கேள்வி பதில்

லிமிடெட் எடிஷன் (குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டுமே தயாராகும்) கார்களுக்கு முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கும் வாசகர்களிடமிருந்து கடிதங்கள் தொடர்ந்து வருவதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஐரோப்பாவில் தயாராகி அப்படியே இறக்குமதியாகும் லிமிடெட் எடிஷன் கார் ஒன்றை, நிறம், சக்கரம், இருக்கை எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஃபேக்டரி ஆர்டராகப் பதிவு செய்தேன். முதலில் தயாரிப்பில் தாமதம் என்றார்கள். பிறகு கப்பலில் தாமதம் என்றார்கள். இப்போது கேட்டால், "அடுத்த மாதம் வந்துடும் சார்" என்பதோடு சரி. எனக்குப் பின்னால் பதிவு செய்த நண்பர் வண்டியை எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். என்னை ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், கோயம்புத்தூர்

ஏமாற்றுகிறார்கள் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். உங்களிடம் பேசும் விற்பனைப் பிரதிநிதிக்கு உண்மையிலேயே தேதி தெரியாது என்பதே பெரும்பாலும் நடப்பது. தெரியாது என்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லாததால் "அடுத்த மாதம்" என்கிறார்.

உங்கள் ரசீதில் உள்ள புக்கிங் எண் ஷோரூம் தன் வசதிக்காகப் போட்டுக்கொண்ட எண். கிளினிக் டோக்கனைப் போல 18க்குப் பின் 19 என்று நகரும் வரிசை அல்ல இது. ஷோரூமின் ஆர்டர்கள் நிறுவனத்தின் இந்தியத் தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து தொழிற்சாலையின் தயாரிப்புத் திட்டத்துக்குள் நுழைய வேண்டும். தொழிற்சாலை உங்கள் பெயரையோ நீங்கள் பணம் கட்டிய தேதியையோ பார்ப்பதில்லை. எந்த நிறம், எந்த இருக்கை, எந்தச் சக்கரம் என்ற சேர்க்கைக்கு உதிரி பாகங்கள் கையில் இருக்கின்றன என்றுதான் பார்க்கிறது. லிமிடெட் எடிஷனில் வழக்கமான மாடலுக்குப் போடாத பெயின்ட்டும் தையலும் இருப்பதால், அவற்றைச் சேர்த்து வைத்து ஒரு தொகுதியாகத்தான் செய்வார்கள். ஏதாவது ஒரு பாகம் வரத் தவறினால் அந்தத் தொகுதியே ஓரம் கட்டப்பட்டு, வழக்கமான மாடல்கள் லைனில் ஓடும். உங்கள் நண்பர் தேர்ந்தெடுத்த நிறம் முந்தைய தொகுதியில் இருந்திருக்கலாம். யாரோ ரத்து செய்த வண்டி அவருக்குக் கிடைத்திருக்கலாம். ஷோரூம் உரிமையாளருக்கு அவர் வேண்டியவராக இருந்திருக்கலாம் என்பதையும் நான் மறுப்பதற்கில்லை. அப்படியும் நடக்கிறது.

இந்தியாவுக்கு இவ்வகைக் கார்கள் சொற்ப எண்ணிக்கையில் வருவதற்குத் தனிக் காரணம் உண்டு. வெளிநாட்டுத் தரச்சான்று பெற்ற வண்டிகளை, இங்கே மறுபடி முழுச் சோதனைக்கு உட்படுத்தாமல், ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வரை இறக்குமதி செய்யலாம் என்று மத்திய அரசு 2018இல் விதியைத் தளர்த்தியது. அந்த வரம்புக்குள்தான் இவை வருகின்றன. 2025இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயின் முதல் 150 வண்டிகளும், ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸின் 100 வண்டிகளும் முழு இறக்குமதியாகத்தான் வந்தன. இரண்டுமே விலை அறிவிக்கப்படும் முன்னரே புக்கிங்கில் தீர்ந்துவிட்டன. இப்படி ஒரே தவணையில் வரும் வண்டிகளுக்குக் காத்திருப்பு பெரும்பாலும் சில வாரங்களோடு முடிந்துவிடும். உங்களைப் போல ஒவ்வொன்றையும் தனியாகத் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுத்தவர்களுக்குத்தான் பாடு.

கப்பல் தாமதம் என்றாலே சாக்கு என்று பலர் எழுதுகிறார்கள். சில நேரம் சாக்குதான். ஆனால் கப்பலால் வரும் கேடு எத்தகையது என்பதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்ல வேண்டும். 2019 மார்ச்சில் 'கிராண்டே அமெரிக்கா' என்ற சரக்குக் கப்பல் பிரான்ஸுக்கு மேற்கே பிஸ்கே விரிகுடாவில் தீப்பற்றி மூழ்கியது. உள்ளே 2,000க்கும் மேற்பட்ட கார்கள். அவற்றில் 4, பிரேசில் வாடிக்கையாளர்களுக்காகச் செய்யப்பட்ட போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் கார்கள். அந்த மாடலின் தயாரிப்பையே நிறுவனம் அதற்குச் சற்று முன்புதான் நிறுத்தியிருந்தது. பணம் கட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துக் கைகழுவியிருக்கலாம். போர்ஷே அந்த 4 கார்களுக்காகத் தயாரிப்பை மீண்டும் தொடங்கியது. 2022 பிப்ரவரியில் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே 'ஃபெலிசிட்டி ஏஸ்' கப்பல் ஏறத்தாழ 4,000 கார்களோடு எரிந்து, மார்ச் 1 அன்று கடலுக்குள் போனது. அதிலும், தயாரிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்த லம்போர்கினி அவென்டடோர் உல்டிமே கார்கள் இருந்தன. அவற்றையும் நிறுவனம் மீண்டும் செய்து கொடுத்தது. அந்த வாடிக்கையாளர்களுக்குத் தங்கள் வண்டி எந்தக் கப்பலில் இருந்தது என்று சொல்ல முடிந்தது என்பதைக் கவனியுங்கள். தயாரிக்கப்பட்ட வண்டி எங்கே இருக்கிறது என்பது நிறுவனத்துக்கு எப்போதும் தெரியும். உங்களுக்கு அது சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் காரை ஆர்டர் செய்தவர் டீலரிடம் நிலை எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். 3000 என்றால் தொழிற்சாலை ஆர்டரை ஏற்றுக்கொண்டது, 3800 என்றால் வண்டி தயாராகிவிட்டது, 4200 என்றால் அனுப்பப்பட்டுவிட்டது, 5000 என்றால் டீலரிடம் வந்து சேர்ந்துவிட்டது. 3000லேயே மாதக்கணக்கில் நின்று புலம்புபவர்கள் அங்கேயும் நிறைய உண்டு. ஆனால் எங்கே நிற்கிறோம் என்பதாவது அவர்களுக்குத் தெரிகிறது. நம் ஊரில் இதற்குச் சமமாக நீங்கள் கேட்க வேண்டியது சேசிஸ் நம்பரை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்ணை. "வண்டி எப்போது வரும்?" என்று கேட்காதீர்கள், அதற்கு என்ன பதில் வேண்டுமானாலும் சொல்லலாம். "என் ஆர்டருக்குச் சேசிஸ் நம்பர் ஒதுக்கப்பட்டுவிட்டதா?" என்று கேளுங்கள், அதற்கு ஆம் அல்லது இல்லை என்ற இரண்டு பதில்களே உண்டு. ஆம் என்றால், 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அந்த நம்பரைப் புரோஃபார்மா இன்வாய்ஸில் (பில்லுக்கு முன் தரும் விலைப்பட்டியலில்) குறித்துத் தரச் சொல்லுங்கள். இல்லை என்றால் உங்கள் வண்டி இன்னும் பிறக்கவில்லை. அது கப்பலில் வருவதாகச் சொன்னது பொய். இந்தக் கேள்வியைத் தொலைபேசியில் கேட்காமல் ஷோரூமுக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். ஷோரூமுக்கு மட்டும் போகும் கடிதத்துக்கு மரியாதை குறைவு.

பதிவு செய்தபோது இருந்த விலையைவிட இப்போது அதிகம் கேட்கிறார்கள். தாமதம் அவர்களுடையது, கூடுதல் விலையை நான் ஏன் கொடுக்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

நியாயமான கேள்விதான். ஆனால் நீங்கள் கையெழுத்திட்ட ஆர்டர் படிவத்தின் பின்பக்கத்தில், டெலிவரி நாளில் நடப்பில் உள்ள விலையே பொருந்தும் என்ற வரி பொடி எழுத்தில் அநேகமாக இருக்கும். விலை மாறாது என்று தனியாக எழுதி வாங்கியிருந்தால் ஒழிய, கூடுதலாகக் கேட்பதைத் தடுப்பது கடினம். இறக்குமதிக் காரில் யூரோ மதிப்பு ஏறினால் விலையும் ஏறும்.

வரியும் அப்படியே. புக்கிங் நாளன்று இருந்த வரி அல்ல, இன்வாய்ஸ் போடும் நாளன்று உள்ள வரியே செல்லும். இது எப்போதும் நமக்கு எதிராகவே வேலை செய்யும் என்றில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறியபோது, பெரிய கார்களுக்குச் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 50 சதவீதம் வரை இருந்த வரி 40 ஆனது. சிறிய கார்களுக்கு 18 ஆனது. தாமதத்தைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்த பலர் அந்தத் தாமதத்தாலேயே பெருந்தொகை மிச்சம் பிடித்தார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம் என்பதால், ஷோரூம் விலையில் ஒரு லட்சம் ஏறினால் வரியெல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலையில் ஒரு லட்சத்து இருபதாயிரம் ஏறும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம்.

கொடுக்கத் தேவையில்லாதவையும் உண்டு. ஷோரூம் சொல்லும் இன்சூரன்ஸைத்தான் எடுக்க வேண்டும், இத்தனை ரூபாய்க்கு ஆக்சசரீஸ் வாங்கினால்தான் வண்டி என்ற நிபந்தனைகளுக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. கிராக்கி உள்ள வண்டி என்பதற்காகவே இவற்றை நம் தலையில் கட்டுகிறார்கள். சேசிஸ் நம்பர் கைக்கு வரும் முன் வங்கிக் கடனை ஷோரூமுக்கு விடுவிக்கவும் சம்மதிக்காதீர்கள்; வராத காருக்கு வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

பல மாதம் காக்க வைத்துவிட்டு மார்கழியில் வண்டி வந்துவிட்டது என்கிறார்கள். வீட்டில் தை பிறக்கட்டும் என்கிறார்கள். ஷோரூமிலோ டிசம்பர் 31க்குள் பில் போட்டாக வேண்டும் என்று நெருக்குகிறார்கள்.
– வாசகி, கும்பகோணம்

ஷோரூமின் அவசரம் ஆண்டு இறுதி விற்பனைக் கணக்குக்காக. உங்கள் நலனைத் தனியாகப் பாருங்கள். ஜனவரியில் பதிவு செய்தால் ஆர்.சி.யில் பதிவு ஆண்டு புதிதாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் விற்பனைச் சான்றிதழான படிவம் 21இல் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். பின்னாளில் விற்கும்போது விவரம் தெரிந்தவர் அதைத்தான் பார்ப்பார். இறக்குமதிக் கார் கடல் கடந்து வந்திருப்பதால் தயாரித்த மாதம் எப்படியும் பழையதாகத்தான் இருக்கும். அதோடு, பெரும்பாலான நிறுவனங்கள் ஜனவரியில் விலையை ஏற்றுவது வழக்கம்.

லிமிடெட் எடிஷனில் இன்னொரு ஆபத்தும் உண்டு. "தையில் எடுத்துக்கொள்கிறேன்" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால், பணத்தோடு காத்திருக்கும் அடுத்தவருக்கு வண்டி போய்விடக்கூடும். பில்லையும் பதிவையும் இப்போதே முடித்துவிட்டு, பொங்கலுக்குப் பின் நல்ல நாள் பார்த்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதுவரை வண்டியைக் கூரைக்குக் கீழ் வைத்திருப்பதாகவும், வாரண்டி டெலிவரி நாளிலிருந்து தொடங்குவதாகவும் ஷோரூமிலிருந்து எழுதி வாங்குங்கள். பெரியவர்களுக்கும் மனக்குறை இராது.

300 கார்கள் மட்டுமே என்று நம்பிப் பதிவு செய்தால், பிறகு எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறார்களே? இதற்காகவா இவ்வளவு காத்திருப்பு? பிற்காலத்தில் அதிக விலைக்காவது போகுமா?
– வாசகர், மதுரை

நீங்கள் குறிப்பிடுவது மஹிந்திரா பிஇ 6 பேட்மேன் எடிஷனாக இருக்கலாம். 2025 ஆகஸ்டில் 27.79 லட்சம் விலையில் 300 கார்கள் என்று அறிவித்தார்கள். வரவேற்பைப் பார்த்து 999 ஆக்கினார்கள். ஆகஸ்ட் 23 அன்று 135 வினாடிகளில் எல்லாம் தீர்ந்ததாக நிறுவனம் தெரிவித்தது. எண்ணிக்கையைக் கூட்டியது புக்கிங் தொடங்கும் முன்பே என்பதால், பணம் கட்டியவர்களை ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது. பணம் வாங்கிய பிறகு கூட்டியிருந்தால் அது வேறு கதை.

பொதுவாக 'லிமிடெட்' என்பதற்கு நிறுவனம் வைத்ததுதான் அளவு. அந்த எண்ணிக்கை இந்தியாவுக்கா உலகத்துக்கா, வண்டியில் வரிசை எண் பொறித்த தகடு உண்டா, எஞ்சினிலோ சஸ்பென்ஷனிலோ மாற்றம் உண்டா என்று விசாரியுங்கள். நிறமும் ஸ்டிக்கரும் இருக்கை உறையும் மட்டும் வேறு என்றால், அதற்காக மாதக்கணக்கில் காத்திருப்பது என் பார்வையில் தேவையற்றது. வழக்கமான மாடலை உடனே எடுத்து ஓட்டலாம்.

லாபத்துக்கு விற்கும் எண்ணமிருந்தால் படிவத்தை நன்றாகப் படியுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு வாங்கிய ஃபோர்டு ஜிடி காரை உடனே விற்றுவிட்டதாக, மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா மீதே ஃபோர்டு 2017இல் வழக்குப் போட்டது; மறு ஆண்டு சமரசத்தில் முடிந்தது.

பொறுமை போய்விட்டது. ரத்து செய்தால் பணம் முழுவதும் கிடைக்குமா?
– வாசகர், சென்னை

வண்டி வந்த பிறகு மனம் மாறி ரத்து செய்தால், படிவத்தில் உள்ளபடி ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். சொன்ன காலத்தில் வராததால் ரத்து செய்வது வேறு. அது சேவைக் குறைபாடு என்று வாதிட இடமிருக்கிறது. ஆகவே ரத்துக் கடிதத்தில் "சொந்தக் காரணங்களால்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். எந்தத் தேதிக்கு வாக்களித்தார்கள், எத்தனை முறை தள்ளிப்போட்டார்கள் என்பதை வாட்ஸ்அப் செய்திகளோடு சேர்த்து எழுதி, 15 நாளில் முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யுங்கள். பல பேருக்கு அந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடுகிறது.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி காரின் விலையை அல்ல, நீங்கள் கொடுத்த தொகையைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். முன்பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். மனுவில் ஷோரூமை மட்டும் எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் கார் நிறுவனத்தையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டிக்கொண்டே வாய்தா வாங்குவார்கள்.