செல்லுக்குள் பரவல்: நீங்கள் கேட்டவை

கேள்வி: பரவலில் மூலக்கூறுகள் செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போகின்றன. செறிவு குறைந்த பக்கம் எது என்று மூலக்கூறுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் மோத மோத, அது கால்போன போக்கில் அலைகிறது. இடப்பக்கம் 100, வலப்பக்கம் 10 மூலக்கூறுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கத்திலும் பாதிப் பாதி எல்லையைத் தாண்டினால், இங்கிருந்து 50 போகும், அங்கிருந்து 5 வரும். நிகரமாக 45 வலப்பக்கம் சேரும். அவ்வளவுதான் பரவல். செறிவு சமமான பிறகு அசைவு நின்றுவிடும் என்று பலர் தேர்வில் எழுதுகிறார்கள். நிற்காது, போவதும் வருவதும் சமமாகிவிடும்.

கேள்வி: ஊதுபத்தி வாசனை அறை முழுக்க வருவது பரவல்தானே?

பெரும்பாலும் காற்றோட்டம். காற்று அசையாமல் பரவல் மட்டுமே வேலை செய்தால், வாசனை ஒரு மீட்டர் வரவே மணிக்கணக்கில் ஆகும். பாடத்தில் இந்த உதாரணத்தை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

கேள்வி: செல்கள் ஏன் இவ்வளவு சிறியவை?

காரணங்களில் முக்கியமானது பரவலின் கணக்கு. தூரம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். ஆக்சிஜன் தண்ணீரில் 10 மைக்ரோமீட்டர் கடக்க ஒரு வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு போதும். ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 4 நிமிடம். ஒரு சென்டிமீட்டருக்கோ ஏறக்குறைய 7 மணி நேரம்! அதனால்தான் உடலெங்கும் செல்களை ஒட்டியே ரத்த நுண்குழாய்கள் ஓடுகின்றன. நுரையீரலில் காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு பல இடங்களில் ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லை. அங்கே நீர் கோத்துக்கொண்டால் இந்தத் தூரம் கூடிவிடும். மூச்சுத் திணறலுக்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அப்படியானால் முதுகுத்தண்டிலிருந்து கால்வரை நீளும் நரம்பு செல்?

நல்ல கேள்வி. ஒரு மீட்டர் தூரத்தைப் பரவலால் கடக்க ஒரு புரதத்துக்கு நூறு வருஷத்துக்கும் மேல் ஆகும். எனவே செல் வேறு வழி வைத்திருக்கிறது. கைனெசின் என்ற புரதம், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து, செல்லுக்குள் தண்டவாளம்போல நீளும் நுண்குழல்கள் மீது நடந்தபடி சரக்கைச் சுமந்து போகிறது. வேகமான சரக்கு ஒரு நாளில் 40 சென்டிமீட்டர்வரை நகரும். ஆனால் நரம்பு முனைக்கும் தசைக்கும் இடையே இருப்பது சுமார் 50 நானோமீட்டர். அந்த இடைவெளியை, நரம்பின் செய்தியைத் தசைக்குக் கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெறும் பரவலால், சில மைக்ரோ வினாடிகளில் தாண்டிவிடும்.

கேள்வி: குளுக்கோஸ் உள்ளே போக ஏடிபி வேண்டுமா?

பெரும்பாலான செல்களில் வேண்டாம். சவ்வில் உள்ள கடத்திப் புரதம் வழிவிடுகிறது, செறிவு வித்தியாசம் உள்ளே தள்ளுகிறது. உள்ளே வந்ததும் குளுக்கோஸோடு பாஸ்பேட் சேர்க்கப்படுவதால், உள்ளே செறிவு ஏறுவதில்லை. அதனால் வரத்து நிற்பதில்லை. பாஸ்பேட் சேர்க்க மட்டும் ஏடிபி செலவாகும்.

சிறுகுடல் விதிவிலக்கு. அங்கே குளுக்கோஸ் சோடியத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு செறிவுக்கு எதிராகவும் உள்ளே ஏறும். இரண்டின் பின்னாலேயே தண்ணீரும் போகும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் கரைசலில் உப்பும் குளுக்கோஸும் சேர்ந்தே இருப்பது இதற்காகத்தான்.