நகையை வைத்து ஏஜென்சி எடுக்க வேண்டாம், தம்பி முதலில் சர்வீஸ் வேலைக்குப் போகட்டும்

குடியாத்தத்திலிருந்து கேட்டிருந்த அம்மாவுக்கு வணக்கம். உங்கள் பையன், நம்ம தம்பி, ஐடிஐ-யில் ஏசி மெக்கானிக் முடித்திருக்கிறான், ஒரகடம் பக்கம் கிளீன்ரூம் (தூசியும் கிருமியும் கட்டுப்படுத்திய அறை) வேலிடேஷன், அதாவது அந்த அறை தரப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை, செய்யும் ஒரு கான்ட்ராக்டர் கூப்பிடுகிறார், சம்பளம் கம்மி. தாய்மாமனோ "எதற்கு இன்னொருத்தனிடம் கை கட்டி நிற்கணும், நகையை வைத்து ஐந்து லட்சம் புரட்டினால் கிளீன்ரூம் சாமான் ஏஜென்சியே எடுத்துவிடலாம்" என்கிறார். எனக்கு இதில் குழப்பமே இல்லை. தம்பி வேலையில் சேரட்டும், நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஊசி மருந்து நிரப்பும் அறை, ஆபரேஷன் தியேட்டர், எலக்ட்ரானிக்ஸ் பாகம் பூட்டும் ஹால், இங்கெல்லாம் காற்று ஹெப்பா என்ற மிக நுண்ணிய ஃபில்டர் வழியாகத்தான் உள்ளே வரும். 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். கிளீன்ரூம்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 14644-படி, 5-ஆம் வகுப்பு அறை என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520-க்கு மேல் இருக்கக் கூடாது. 8-ஆம் வகுப்பில் 35,20,000 வரை போகலாம். கதவைத் திறந்தால் காற்று வெளியே தள்ள வேண்டும், உள்ளே வரக் கூடாது என்பதற்காக, பக்கத்து அறையைவிட 10 முதல் 15 பாஸ்கல் அழுத்தம் கூடுதலாக வைப்பார்கள். பென்சிலின் மாதிரி சில மருந்துகளுக்கு மட்டும் கணக்கு மாறும், அதைத் தம்பி போகப் போகக் கற்றுக்கொள்வான்.

அங்கே மூளை எங்கே தேவைப்படுகிறது என்பதற்கு ஒரு உதாரணம். சுவரில் இருக்கும் அழுத்த மானியில் முள் 15-இலிருந்து 5-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர் உடனே "ஹெப்பா போச்சு, மாத்துங்க" என்பார். தெரிந்தவர் முதலில் கதவின் கீழே இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார், அப்புறம் ஏஹெச்யூ-வை (காற்றைப் பதப்படுத்தி அறைக்கு அனுப்பும் இயந்திரம்) திறந்து புளோயர் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஹெப்பாவுக்கு முன்னால் இருக்கும் ப்ரீ ஃபில்டரில் புழுதி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். நம்மூர் வெயில்காலப் புழுதிக்கு ப்ரீ ஃபில்டர் எவ்வளவு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உதிரி பாகத்தை விற்க நினைக்கிறவனுக்கும் இந்த அறிவுதான் முதல். எதை மாற்ற வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவனைத்தான் அடுத்த முறையும் கூப்பிடுவார்கள்.

மாமா சொல்லும் சப்ளைக்கு வருகிறேன். கையுறை, நூல் உதிராத துடைக்கும் வைப், ஒட்டும் மேட், உடல் முழுதும் மூடும் கவரால், ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எல்லாம் தினமும் தீரும் சாமான்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் மருந்து கம்பெனியில் புது ஆளிடம் உடனே வாங்க மாட்டார்கள். சாம்பிள் பார்ப்பார்கள், ஒவ்வொரு லாட்டுக்கும் தரச் சான்றிதழ் கேட்பார்கள், தயாரிப்பாளரின் இடத்துக்கே போய் ஆடிட் செய்வார்கள், அதற்கே மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் உங்கள் குடோனில் இருக்கும் ஸ்டெரைல் சரக்குக்குக் காலாவதி தேதி நெருங்கும். ஹெப்பா ஃபில்டர் இன்னும் மோசம். அளவு சொல்லிச் செய்வதால் ஒரு இடத்துக்கு வாங்கியது இன்னொரு இடத்துக்குப் பொருந்தாது, இறக்கும்போது உள்ளே இருக்கும் காகிதம் போன்ற மீடியாவில் ஒரு விரல் அழுந்தினாலே லீக் டெஸ்டில் ஃபெயில். பணமும் கடனில்தான் வரும். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டம் இருக்கிறதே என்று மாமா கேட்பார். உத்யம் என்ற அரசின் சிறு தொழில் பதிவைச் செய்த உற்பத்தியாளருக்கும் சர்வீஸ் செய்கிறவருக்கும்தான் அந்தப் பாதுகாப்பு. வாங்கி விற்கும் வியாபாரி பதிவு செய்துகொள்ளலாம், ஆனால் முன்னுரிமைக் கடனைத் தவிர வேறு சலுகை கிடையாது. பணம் மாட்டிக்கொண்டால் அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. இதை அவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

சரி, வேலிடேஷனில் எதிர்காலம் இருக்கிறதா? இருக்கிறது. மருந்துத் தொழிற்சாலைகளுக்கான திருத்திய ஷெட்யூல் எம் விதிகள் 2023 டிசம்பரில் வந்ததிலிருந்து சின்னக் கம்பெனிகளும் காற்று அமைப்பைச் சரிசெய்தே ஆக வேண்டிய நிலை. ராணிப்பேட்டை சிப்காட்டில் மருந்து மூலப்பொருள் தயாரிப்பு இருக்கிறது, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யும் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியே பக்கத்தில் இருக்கிறது, காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு. மூன்று வருடம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டவன் ஊர் திரும்பி ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்துச் செய்யலாம், அந்த வாடிக்கையாளர்களுக்கே சாமானும் கொடுக்கலாம்.

சேரும் முன் தம்பி கேட்க வேண்டியவை: பிஎஃப், இஎஸ்ஐ உண்டா, வெளியூர் போனால் தங்கும் செலவு யாருடையது, துகள் எண்ணும் கருவியையும் லீக் டெஸ்டையும் கையில் கொடுத்துக் கற்றுத் தருவார்களா அல்லது ஏணி பிடிக்கச் சொல்வார்களா. ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் அந்த இடம் வேண்டாம். பல டெஸ்டுகளைத் தொழிற்சாலை நிற்கும் நேரத்தில்தான் செய்ய முடியும் என்பதால் ராத்திரியும் ஞாயிறும் போகும், தீபாவளி லீவில்கூட வேலை வரலாம். உங்களுக்கு இது கஷ்டமாக இருக்கும், முன்னாலேயே தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லி அனுப்புங்கள். அறைக்குள் துகளைக் கொண்டுவருவதில் முதல் ஆள் மனிதன்தான், அதனால் திருநீறு, பவுடர், மோதிரம், கைக்கயிறு எதுவும் கூடாது. லாக் புக்கில் தப்பாக எழுதிவிட்டால் ஒயிட்னர் போடக் கூடாது, ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். எடுக்காத ரீடிங்கை எழுதச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், அது முதலாளியே ஆனாலும், மறுத்துவிட வேண்டும். அந்த மருந்து யாரோ ஒரு குழந்தையின் நரம்பில் ஏறப்போகிறது.

பிளஸ் டூ பயாலஜி படிக்கும் பாப்பாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவளுக்கு இதே துறையில் வேறு வழி இருக்கிறது: பி.ஃபார்ம் அல்லது மைக்ரோபயாலஜி படித்தால், அறையில் கிருமி விழுகிறதா என்று தட்டு வைத்துப் பார்க்கும் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குப் போகலாம். மார்க் வந்ததும் எழுதுங்கள். தம்பியின் ஆஃபர் லெட்டரை மட்டும் இந்த வாரமே அனுப்பிவையுங்கள், இத்தனை வருடம் வேலையை விடக் கூடாது என்று பாண்ட் ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று படித்துச் சொல்கிறேன்.